ஒரு டாக்டரின் மரணம்: நீங்க பார்க்காம விட்ட ஒரு இந்திப் படமும், அதுக்குப் பின்னால இருந்த நிஜ டாக்டரும்

1/
போன வாரம் கிளினிக்குக்கு ஒரு தம்பதி வந்தாங்க. அந்தம்மாவுக்குத் தைராய்டு, மாத்திரை அளவு பார்க்க வந்தவங்க. கிளம்பும்போது கணவர் ஒரு பேப்பரை நீட்டினார். குழந்தையின்மை சிகிச்சை மையத்துல கொடுத்த செலவுப் பட்டியல். "சார், இதுல கருவை உறைய வைக்கறதுக்குன்னு தனியா ஒரு தொகை போட்டிருக்காங்க. அது என்ன? இதெல்லாம் எந்த நாட்டுக்காரன் சார் கண்டுபிடிச்சான்?"

2/
முதல் கேள்விக்கு விளக்கம் சொல்லிட்டேன். ரெண்டாவதுக்கு ஆரம்பிச்சா முடியாது, வெளியே டோக்கன் வாங்கி இருபது பேர் உட்கார்ந்திருக்காங்க. "ஒரு பழைய இந்திப் படம் பேர் எழுதித் தர்றேன், பாருங்க. மிச்சத்தை நான் எழுதறேன்"னு அனுப்பிட்டேன். எழுதறேன்னு சொன்னதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/
படத்தின் பேர் "ஏக் டாக்டர் கி மௌத்". ஒரு டாக்டரின் மரணம். 1990-ல் வந்தது. இயக்கம் தபன் சின்ஹா. பங்கஜ் கபூர், ஷபானா ஆஸ்மி, அனில் சாட்டர்ஜி நடிச்சிருக்காங்க. டாக்டருக்குத் துணையா நிற்கிற இளம் பத்திரிகையாளர் ஒருத்தர் வருவார், ஒல்லியா. உத்துப் பாருங்க. இர்ஃபான் கான்! உலகம் அவரைத் தெரிஞ்சுக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடி.

4/
கதை இதுதான். டாக்டர் தீபங்கர் ராய், பெரிய பதவி எதுவும் இல்லாத அரசு டாக்டர். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சி. குடும்பம், தூக்கம், உடம்பு எல்லாத்தையும் அதுல போட்டு, பல வருஷம் கழிச்சு தொழுநோய்க்கு ஒரு தடுப்பூசி கண்டுபிடிக்கிறார். செய்தி டிவியில் வந்துடுது. ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் அவர் பேச்சு. சனி பிடிக்கிறதும் அங்கேதான்.

5/
மேலிடத்தைக் கேட்காம பத்திரிகைக்காரங்களுக்கு எப்படிப் போச்சுன்னு சுகாதாரத் துறை கேள்வி கேட்குது. சக டாக்டர்கள் பேச வாங்கன்னு கூப்பிட்டு, கூட்டத்திலேயே அவமானப்படுத்துறாங்க. நெஞ்சுவலி வருது. வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதம் அவர் கைக்கு வராமலே அமுக்கப்படுது. கடைசியா ஒரு குக்கிராமத்துக்கு மாற்றல். அந்த நேரம் பார்த்து, அதே தடுப்பூசியை ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடிச்சதா அறிவிப்பு வருது.

6/
"சினிமாவுக்காகக் கொஞ்சம் ஓவரா காட்டியிருக்காங்க"ன்னுதான் முதல் தடவை பார்த்தப்போ எனக்குத் தோணுச்சு. அப்போ நான் ஹவுஸ் சர்ஜன். ஹாஸ்டல் அறையில் நண்பனோட கம்ப்யூட்டர்ல, பாதி இந்தி புரியாம பார்த்தது. பார்த்து முடிச்சதும் சீனியர் ஒருத்தர் சொன்னார்: "டேய், இது கதை இல்லடா. நிஜத்துல இதைவிட மோசம்." அன்னிக்குத்தான் அந்தப் பேரை முதல்முறையா கேட்டேன். எங்க பாடப் புத்தகத்துல அந்தப் பேர் கிடையாது.

7/
டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜின்னும் எழுதுவாங்க. 1931 ஜனவரியில் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவில் எம்.பி.பி.எஸ். அதுக்கப்புறம் ஒண்ணு இல்ல, ரெண்டு பிஎச்.டி. 1958-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில், 1967-ல் எடின்பரோவில். ரெண்டுமே இனப்பெருக்கம் சம்பந்தப்பட்டது. வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து அரசு மருத்துவக் கல்லூரியில் வாத்தியார் ஆனார்.

8/
அவர்கூட ரெண்டு பேர். மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனித் முகர்ஜி, குளிரில் உறைய வைக்கும் தொழில்நுட்பம் தெரிஞ்சவர். ஒரு உடலியங்கியல்காரர், ஒரு மகப்பேறு டாக்டர், உறைய வைக்கத் தெரிஞ்ச ஒருத்தர். இன்னிக்கு எந்தக் குழந்தையின்மை மையத்துக்குப் போனாலும் இந்த மூணு வேலைக்கும் ஆள் இருப்பாங்க. இவங்க இதைச் செஞ்சது 1970-களில்.

9/
தேதிகளைக் கவனிங்க. 1978 ஜூலை 25: இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறக்கிறாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. 1978 அக்டோபர் 3: கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை. துர்கா பூஜை நெருங்கிய நேரம், அதனால துர்கான்னு பேர். நடுவுல சரியா பத்து வாரம். உலகத்திலேயே ரெண்டாவது குழந்தை!

10/
பத்து வாரத்துல காப்பி அடிச்சிருப்பாரோன்னு கேட்கறீங்களா? பத்து மாசம் சுமக்கணுமே சார்! லூயிஸ் பிறந்த செய்தி வந்தப்போ துர்கா ஏற்கெனவே அம்மா வயித்துல இருந்தாள். அதுமட்டுமில்ல, ரெண்டு குழுவும் போன வழியே வேற. டாக்டரா எனக்கு ரொம்ப ஆச்சரியமான பகுதி இதுதான். எளிமையா சொல்றேன்.

11/
முதல் வித்தியாசம். இங்கிலாந்தில் ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் லூயிஸ் பிரவுன் விஷயத்தில், அந்த மாதம் இயற்கையா முதிர்ந்த ஒரே ஒரு சினைமுட்டையைத்தான் எடுத்தாங்க. சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டு ஒண்ணுக்கு மேற்பட்ட முட்டைகளை வளர வெச்சார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரிச்செடுக்கிற ஹார்மோன் அது. இன்னிக்கு ஐ.வி.எஃப். பண்றவங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போடறாங்களே, அதே யோசனை.

12/
ரெண்டாவது. இங்கிலாந்தில் வயித்துல துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியா முட்டையை எடுத்தாங்க. சுபாஷ் குழு பிறப்புறுப்புப் பாதை வழியா எடுத்தது. இன்னிக்கு ஸ்கேன் உதவியோட உலகம் முழுக்க அந்தப் பாதையில்தான் எடுக்கிறாங்க.

13/
மூணாவதுதான் பெருசு. ஹார்மோன் ஊசி போட்ட அதே மாசம் கர்ப்பப்பையின் உள்வரி கருவை ஏத்துக்கத் தோதா இருக்காதுன்னு யோசிச்சு, எட்டு செல் இருந்த கருவை உறைய வெச்சுட்டாங்க. 53 நாள். அப்புறம் உருக வெச்சு, இயற்கையான வேறொரு சுழற்சியில் உள்ளே வெச்சாங்க. அதுதான் துர்கா. உறைய வைத்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தைன்னு உலகப் பதிவில் ரொம்ப நாள் இருந்தது 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தை.

14/
என்கிட்ட வந்த அந்தக் கணவர் காட்டின பட்டியலை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஊசி, முட்டை எடுத்தல், கரு உறைய வைத்தல். மூணு வரி. இந்த மூணையும் சேர்த்து 1978-லேயே ஒரு அரசுக் கல்லூரி வாத்தியார் கல்கத்தாவில் செஞ்சு முடிச்சிருந்தார். சரி, இதுக்கு என்ன பரிசு கிடைச்சது?

15/
விசாரணைக் குழு. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு அமைச்சது. தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர். ஹார்மோன், சினைமுட்டை, கரு பத்தி ஆராய்ச்சி செஞ்சவர் இல்ல. அவங்க கொடுத்த முடிவு: இவர் சொல்றது நம்பத்தக்கதல்ல.

16/
அதோட விடல. 1979-ல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து ஆய்வை விளக்கச் சொல்லி அழைப்பு வந்தது. அரசு போக அனுமதி கொடுக்கல. ஏற்கெனவே பாங்குராவுக்கு மாற்றல். இதய நோய் வந்தது. 1981 ஜூனில் இன்னொரு மாற்றல், எங்கே தெரியுமா? கண் மருத்துவ நிறுவனத்துக்கு! ஹார்மோனில் ரெண்டு பிஎச்.டி. வாங்கினவரை, கண் ஆஸ்பத்திரிக்கு.

17/
1981 ஜூன் 19. சுபாஷ் முகோபாத்யாய் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். வயசு 50. இதுக்கு மேல அந்த நாளைப் பத்தி நான் எழுத விரும்பல.

18/
இப்போ படத்துக்குத் திரும்புவோம். இந்தச் சம்பவத்தின் பாதிப்பில் வங்க எழுத்தாளர் ராமபத சௌத்ரி ஒரு நாவல் எழுதினார். பேர் "அபிமன்யு". உங்களுக்கே புரிஞ்சிருக்கும். சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. சுத்தி நிற்கிறவங்க எல்லாம் சொந்தக்காரங்க, பெரியவங்க. அந்தக் கதையைத்தான் தபன் சின்ஹா இந்தியில் எடுத்தார்.

19/
தபன் சின்ஹா யாருன்னு ஒரு வரி. இயற்பியல் எம்.எஸ்ஸி. படிச்சுட்டு, கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் ஒலிப்பதிவாளரா நுழைஞ்சவர். "காபுலிவாலா" எடுத்தவர். 2006-க்கான தாதாசாகேப் பால்கே விருது வாங்கினவர். சத்யஜித் ராய், மிருணாள் சென், ரித்விக் கட்டக்னு பேசறவங்க நாலாவது பேரா இவரைச் சொல்ல மறந்துடுவாங்க. ஆய்வகம்னா என்னன்னு தெரிஞ்ச டைரக்டர் எடுத்த படம் இதுன்னு பார்க்கும்போதே தெரியும்.

20/
நிஜத்திலிருந்து ரெண்டு விஷயத்தை மாத்தினார். சோதனைக்குழாய்க் குழந்தையைத் தொழுநோய்த் தடுப்பூசி ஆக்கினார். முடிவையும் மாத்தினார். படத்துல தீபங்கர் சாகறதில்ல. வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பை ஏத்துக்கிட்டுக் கிளம்பிடறார். அப்போ தலைப்புல இருக்கிற மரணம் யாருடையது? முதல் தடவை எனக்குப் புரியல. பதினஞ்சு வருஷம் அரசு வேலையில் இருந்துட்டு மறுபடி பார்த்தப்போ புரிஞ்சுது. ஆள் இருப்பார். அந்த ஊருக்கு அவர் டாக்டரா இருக்கமாட்டார். அவ்வளவுதான்.

21/
பங்கஜ் கபூர் நடிப்பு பத்தி. இந்த ஆளை உங்களுக்கு உடனே பிடிக்காது. சிடுசிடுப்பு, பிடிவாதம், பொண்டாட்டி இருக்கிற ஞாபகமே இல்லாத ஜென்மம். நல்லவரா காட்டி அழவைக்கிற வேலையே கிடையாது. ஷபானா ஆஸ்மி அந்த மனுஷனோட வாழற களைப்பையும், அவரை விட்டுக்கொடுக்காத பிடிப்பையும் ஒரே முகத்துல வெச்சிருப்பார். ஆராய்ச்சி செய்யற டாக்டர்களைக் கட்டிக்கிட்டவங்க இந்தப் படத்தைத் தனியா பார்க்கறது நல்லது!

22/
38-வது தேசிய விருதுகளில் இரண்டாவது சிறந்த படம், சிறந்த இயக்குநர், பங்கஜ் கபூருக்கு நடுவர் குழு சிறப்பு விருது. சரி, முதல் சிறந்த படம் எது? நம்ம "மறுபக்கம்"! சேதுமாதவன் எடுத்தது, இந்திரா பார்த்தசாரதி கதை. அந்த விருது வாங்கின முதல் தமிழ்ப் படம். ரெண்டு படத்துக்கும் பின்னால இருந்தது அரசின் என்.எஃப்.டி.சி. ரெண்டையும் பார்த்தவங்க உங்க தெருவுல எத்தனை பேர்னு கேட்டுப் பாருங்க.

23/
ஏன் ஓடல? படம் மோசம்னு இல்ல. "தில்", "ஆஷிக்கி", "காயல்" வசூலை அள்ளின வருஷம் அது. பாட்டு, அடிதடி, காதல். ஊசியும் கோப்பும் கமிட்டியும் இருக்கிற படத்தை எந்தத் தியேட்டர் எடுக்கும்? அரசு பணம் போட்டுப் படம் எடுக்க வழி வெச்சுது, அதை ஊர் ஊரா கொண்டு போய்க் காட்ட வழி வெக்கல. அந்தக் காலத்து மாற்று சினிமா முக்கால்வாசி இப்படித்தான் பெட்டியிலேயே தூங்குச்சு.

24/
ஆனா ஒண்ணு யோசிங்க. இந்தப் படம் வந்த 1990-ல் சுபாஷ் முகோபாத்யாய் அதிகாரபூர்வமா யார்? நம்பத்தகாதவர். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தைன்னு பதிவில் இருந்தது 1986 ஆகஸ்ட்டில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தை. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி ஆனந்த் குமாரும் செஞ்ச சாதனை. அதே 1990-ல் இங்க சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் மேற்பார்வையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. பத்திரிகை எல்லாம் கொண்டாடுச்சு. கல்கத்தாக்காரர் பேர் எங்கேயும் இல்ல. ஒரு சினிமா மட்டும் மாத்துப் பேர் வெச்சு அவர் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தது.

25/
மாறினது 1997-ல். மாத்தினவர் யார்? அதே ஆனந்த் குமார்! ஒரு மாநாட்டுக்காக கல்கத்தா போனவர் கையில், சுபாஷின் குறிப்புகள் கிடைச்சுது. உட்கார்ந்து வரி வரியா படிச்சார். துர்காவின் பெற்றோரைப் பார்த்தார். "கரண்ட் சயின்ஸ்" இதழில் எழுதினார்: இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கினவர் சுபாஷ் முகர்ஜிதான்னு. அப்படி எழுதினா முதல்வர்ங்கற பட்டம் தன் குழுவை விட்டுப் போயிடும்னு தெரிஞ்சே எழுதினார். நான் இந்தத் தொழிலில் கும்பிடற மனுஷங்களில் அவரும் ஒருத்தர்.

26/
இப்போ ஒரு கஷ்டமான விஷயம். இதை எழுதத் தயங்கினதுக்குக் காரணமே இதுதான். "சர்க்கரையை ஒரே மாசத்துல ஒழிக்கிறேன்"னு சொல்றவங்களை நான் இங்க கேள்வி கேட்கும்போதெல்லாம், யாராவது வந்து "சுபாஷ் முகர்ஜியையும் இப்படித்தான் கொன்னீங்க"ன்னு எழுதறாங்க. அதனால தெளிவா சொல்லிடறேன். ஆதாரம் கேட்டது தப்பு இல்ல. யார் சொன்னாலும் ஆதாரம் கேட்கணும். என்கிட்டயும் கேளுங்க.

27/
சுபாஷ் பக்கமும் குறை இருந்தது. 1978-ல் ஒரு குளிரியல் இதழில் சின்ன அறிக்கை வந்ததைத் தவிர, விரிவான கட்டுரை அவர் இருக்கும்போது வரல. ஊருக்குப் பயந்த துர்காவின் குடும்பம் பேர் வெளியே வரவேண்டாம்னு கேட்டுக்கிச்சு, அவரும் அந்த வாக்கைக் காப்பாத்தினார். சந்தேகம் வர்றது இயல்புதான். ஆனா சந்தேகப்பட்டவங்க என்ன செஞ்சிருக்கணும்? அந்தத் துறை தெரிஞ்சவங்களை உட்கார வெச்சிருக்கணும். ஜப்பானுக்கு அனுப்பியிருக்கணும். ஆய்வகத்தைக் கொடுத்து இன்னொரு தடவை செஞ்சு காட்டச் சொல்லியிருக்கணும். இவங்க கதவைச் சாத்திட்டாங்க.

28/
போலிக்கும் அவருக்கும் வித்தியாசம் இங்கேதான். போலி, நிபுணர்கள் முன்னாடி போகமாட்டான், குறிப்பு எழுதமாட்டான், கேட்டா சண்டைக்கு வருவான். சுபாஷ் நிபுணர்கள் முன்னாடி பேச அனுமதி கேட்டுக்கிட்டே இருந்தார். எழுதி வெச்சிருந்தார். இறந்து 16 வருஷம் கழிச்சு, அவரோட எந்த உறவும் இல்லாத ஒருத்தர் அந்தக் குறிப்பைப் படிச்சப்போ அது நின்னுச்சு. அடுத்த தடவை யாராவது அவர் பேரை இழுத்தா, "உங்க நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்க"ன்னு கேளுங்க.

29/
இதே கண்ணோட படத்துலயும் ஒரு குறை சொல்லணும். தொழுநோய்க் கிருமி உடம்புக்குள்ள போய் நோய் வெளியே தெரிய சராசரியா 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். அப்போ ஒரு தடுப்பூசி வேலை செய்யுதான்னு நிரூபிக்கவே ஒரு தலைமுறை வேணும். டிவி செய்தியோட முடியற விஷயம் இல்ல. வில்லன்களும் கொஞ்சம் முழுக் கறுப்பு. நான் பார்த்த அலுவலகங்களில் கெட்டவங்க குறைவு. "நமக்கெதுக்கு வம்பு"ன்னு கையெழுத்துப் போட்டவங்கதான் ஜாஸ்தி.

30/
கடைசி சில வரிகள். துர்கா தன் 25-வது பிறந்தநாள் சமயத்தில், 2003-ல், தானே வெளியே வந்து "நான்தான்"னு சொன்னார். அதுக்கு முன்னாடி உலகத்துக்கு அந்த முகம் தெரியாது. பின்னாடி ஐ.சி.எம்.ஆரும் சுபாஷின் பங்கை ஏத்துக்கிச்சு. 2010-ல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு. நியாயமான பரிசு, அவரும் நிதி கிடைக்காம, திட்டு வாங்கி வந்தவர்தான். என்ன, அவர் நாட்டில் வேலையைத் தொடர விட்டாங்க.

31/
படத்தை ஆங்கில சப்டைட்டிலோட தேடிப் பாருங்க. பிடிச்சா, அதே பங்கஜ் கபூர் நடிச்ச "ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா" (1986) பாருங்க. ஒரே அறை, 12 பேர், ஆதாரம் பத்தின சண்டை. இன்னொரு டாக்டர் படம் வேணும்னா விஜய் ஆனந்தின் "தேரே மேரே சப்னே" (1971). சுரங்க ஊருக்கு வேலைக்குப் போற டாக்டர் கதை. ரெண்டும் கிடைக்கவேண்டிய கவனம் கிடைக்காத படங்கள்தான்.

32/
இதைப் படிக்கிற ஜூனியர் டாக்டர்களுக்கு: மாற்றல், மெமோ, அவமானம் எதுவும் உங்க உயிரைவிடப் பெருசில்ல. மனசு தாங்கலேன்னா யார்கிட்டயாவது பேசுங்க. 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். என் உள்பெட்டியும் திறந்துதான் இருக்கு.

33/
அந்தக் கணவருக்கு: சார், நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பட்டியல்ல இருக்கிற அந்த வரியை முதல்ல செஞ்சு காட்டினது நம்ம நாட்டுக்காரர். பேர் சுபாஷ் முகோபாத்யாய். உங்க வீட்டுல நல்ல செய்தி வரட்டும். மருந்துச் சீட்டுல எழுதித் தந்த படத்தை மறக்காம பாருங்க. அடுத்த மாசம் தைராய்டு ரிப்போர்ட்டோட வரும்போது கேட்பேன்!